யுஎஸ்பி விளக்கு டிரைவர் ரிவியூ: கழற்றும் இடத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

பினாங்கில் ஓர் எம்பெடட் நிறுவனம் நேர்காணலுக்கு வைத்த தேர்வில் ஒரு வரி நிரல்கூட எழுதச் சொல்லவில்லை. மடிக்கணினியின் கீபோர்டு விளக்குகளை யுஎஸ்பி வழியாக நிறம் மாற்றும் லினக்ஸ் டிரைவர் ஒன்றைக் கொடுத்தார்கள். டிரைவர் என்பது கருவியை இயக்கும் நிரல்; கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி. "இதைக் கெர்னலில் சேர்க்கலாமா, கூடாதா? ரிவியூ எழுதிக் கொண்டு வாருங்கள்" என்பதுதான் கேள்வி. எழுதியதை வைத்து அடுத்த சுற்றில் வாய்மொழித் தேர்வு. சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தபடிதான் தயார் செய்தேன். ஈப்போ பாலிடெக்னிக்கில் படிக்கும் நம் ஊர்த் தம்பி தங்கைகள் சிலர், "எதைப் படிச்சீங்கண்ணே, எங்கேயிருந்து ஆரம்பிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கெர்னல் மூலநிரலை இறக்கிக்கொள்ள வேண்டும். வரலாற்றோடு முழுதாக இறக்கினால் பல ஜிபி போகும். தோட்டத்துப் பக்கம் லைன் இருக்கும் நிலையில் பாதியில் அறுந்துவிடும். நிரலின் மாற்றங்களைக் காக்கும் 'கிட்' மென்பொருளில் குளோன் (நகல்) செய்யும்போது 'ஃபில்டர்' என்ற விருப்பத்தில் 'பிளாப் நன்' என்று கொடுங்கள். கமிட் (மாற்றப் பதிவு) வரலாறு முழுதும் வரும், பழைய ஃபைல்களின் உள்ளடக்கம் தேவைப்படும்போது மட்டும் வரும். 'டெப்த் 1' என்று கொடுத்தால் இன்னும் சிறியதாக வரும். ஆனால் ரிவியூ செய்கிறவருக்கு அது போதாது. ஒரு வரி ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதற்கான பதில் பெரும்பாலும் பழைய கமிட் செய்தியில்தான் இருக்கும்.

இனி முக்கியமான விஷயம். டிரைவர் நிரலைக் கையில் எடுத்தால் எல்லாரும் 'ப்ரோப்' ஃபங்ஷனிலிருந்துதான் படிக்கிறார்கள். கருவி செருகப்பட்டதும் ஓடுவது அது, எழுதியவரும் அதைத்தான் அதிக முறை ஓட்டிப் பார்த்திருப்பார். பிழை அங்கே குறைவு. யுஎஸ்பி கருவி எந்த நொடியிலும் பிடுங்கப்படலாம். மடிக்கணினிக்குள்ளேயே பதிந்த கீபோர்டு கன்ட்ரோலரும் விதிவிலக்கல்ல. அது ரீசெட் ஆகலாம், தூங்கி எழும்போது யுஎஸ்பி இணைப்பிலிருந்து விழுந்து திரும்ப வரலாம். அதனால் 'டிஸ்கனெக்ட்' ஃபங்ஷனை முதலில் படியுங்கள். ப்ரோப்பின் பிழை வழிகளை அதற்கடுத்துப் படியுங்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கும் வழியைக் கடைசியில் பார்த்தால் போதும்.

எனக்குக் கொடுத்த டிரைவரில் இருந்த பெரிய பிழை அங்கேதான் இருந்தது. ப்ரோப்பில் தன் தரவுக்கான நினைவகத்தை 'கேஇசட்அலாக்' கொண்டு வாங்குகிறது. எல்இடியை 'டெவ்எம்' வகை ஃபங்ஷனால் பதிகிறது. டிஸ்கனெக்டில் 'கேஃப்ரீ' செய்து நினைவகத்தை விடுவிக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சரி. ஆனால் டெவ்எம் முறையில் பதிந்தவை, டிஸ்கனெக்ட் ஓடி முடிந்த பிறகுதான் தானாக நீக்கப்படும். எல்இடியை நீக்கும்போது, 'ரீட்டெய்ன் அட் ஷட்டவுன்' கொடி இல்லாவிட்டால், கெர்னலின் எல்இடி பகுதி கடைசியாக ஒருமுறை ஒளியைப் பூஜ்யமாக்கச் சொல்லி டிரைவரை அழைக்கும். அந்த அழைப்பு வரும் நேரத்தில் டிரைவரின் நினைவகம் போயிருக்கும். லயத்து வீட்டைக் காலி செய்து, சாவியை ஆபீசில் ஒப்படைத்துவிட்டு, விளக்கை அணைக்க மறுபடி உள்ளே நுழைவது போல. விளைவு, விடுவித்த நினைவகத்தைத் தொடும் பிழை. சில சமயம் ஒன்றும் ஆகாது, சில சமயம் கெர்னல் சாயும். தீர்வு இரண்டு. நினைவகத்தையும் டெவ்எம் முறையிலேயே வாங்கலாம். பின்னால் பதிந்தது முன்னால் நீங்கும் என்பதால் வரிசை சரியாகிவிடும். இல்லையென்றால் எல்இடியைச் சாதாரண முறையில் பதிந்து, டிஸ்கனெக்டின் முதல் வரியிலேயே நீக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க அந்த மடிக்கணினி தேவையில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "கருவி இல்லையே" என்று நம் பிள்ளைகள் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 'யுஹிட்' என்ற கெர்னல் வசதி 2012 முதல் இருக்கிறது. சாதாரண நிரல் ஒன்றே ஹிட் (கீபோர்டு, மவுஸ் போன்றவற்றுக்கான பொது நெறிமுறை) கருவி போல நடிக்க அது வழிசெய்கிறது. ஹிட் அல்லாத யுஎஸ்பி டிரைவருக்கு 'டம்மி எச்சிடி'யும் 'ரா கேட்ஜெட்'டும் உண்டு. பொய்யாக ஒரு யுஎஸ்பி போர்ட், அதில் பொய்யாக ஒரு கருவி. 'கேசான்' (நினைவகப் பிழையைப் பிடிக்கும் கெர்னல் வசதி) இயக்கிய கெர்னலைக் கியூஇஎம்யூ என்ற மெய்நிகர் கணினியில் ஏற்றி, டிரைவரைக் கருவியிலிருந்து பிரிப்பதும் சேர்ப்பதுமாகத் திரும்பத் திரும்பச் செய்தால், இந்த வகைப் பிழை எந்த ஃபங்ஷனில் என்று கேசான் காட்டும். பழைய மடிக்கணினி போதும், கெர்னலைக் கம்பைல் செய்யத்தான் நேரம் எடுக்கும். இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள். இடி மழை நேரமாக இருந்தால் மட்டும் வேண்டாம்.

அடுத்தது பஃபர், அதாவது அனுப்பும் தரவை வைக்கும் நினைவக இடம். யுஎஸ்பி கன்ட்ரோல் மெசேஜ் ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் பஃபர், டிஎம்ஏ (சிபியு இல்லாமல் வன்பொருளே நேரடியாகப் படிக்கும் முறை) செய்யக்கூடிய நினைவகமாக இருக்க வேண்டும். ஃபங்ஷனுக்குள் அறிவித்த சின்ன அர்ரே ஸ்டேக்கில் (ஃபங்ஷன் ஓடும்போது மட்டும் கிடைக்கும் நினைவகத்தில்) இருக்கும், அது ஆகாது. 2016 டிசம்பரில் வந்த 4.9 பதிப்பில் ஸ்டேக்கை வீமேப் (தொடர்ச்சியற்ற பக்கங்களைச் சேர்த்த) நினைவகத்தில் வைக்கும் வசதி வந்தபின், முன்பு ஓடிக்கொண்டிருந்த பல டிரைவர்கள் இதனால்தான் நின்றன. பஃபரை ஸ்ட்ரக்டுக்குள் (டிரைவரின் தரவுத் தொகுப்புக்குள்) நேரடியாகப் புதைப்பதும் சரியில்லை. பக்கத்து உறுப்புகளோடு அது ஒரே கேஷ் லைனை (சிபியு ஒரே தடவையில் கையாளும் நினைவகத் துண்டை) பங்கிடும். சில வன்பொருளில் தரவு கெடும். 'கேமெலாக்' செய்து தனியாக வாங்கச் சொல்லுங்கள். 2020இல் வந்த 5.10 பதிப்பில் 'கன்ட்ரோல் மெசேஜ் சென்ட்' என்ற ஃபங்ஷன் சேர்ந்தது. அது தானே நகல் எடுத்துக்கொள்வதால் ஸ்டேக் பஃபரையும் ஏற்கும். பழைய ஃபங்ஷன் அனுப்பிய பைட் எண்ணிக்கையைத் திருப்பித் தரும். அதனால் பூஜ்யமில்லை என்றால் பிழை என்று எழுதியிருந்தால் தவறு. எதிர்மறை எண்ணையும், குறைந்த எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். புதியது வெற்றிக்குப் பூஜ்யம் தரும். எது பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டே கருத்து எழுதுங்கள்.

யார் எப்போது அழைப்பார்கள் என்பதை ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஓரத்தில் எழுதிக்கொண்டே போனேன். எல்இடிக்கு ஒளி மாற்றும் ஃபங்ஷன் இரண்டு வகை. 'பிரைட்னஸ் செட்' தூங்கக்கூடாது, அதாவது நின்று காத்திருக்கக்கூடாது. டைமரிலிருந்தும் அதை அழைப்பார்கள். 'பிரைட்னஸ் செட் பிளாக்கிங்' தூங்கலாம். யுஎஸ்பி பரிமாற்றம் தூங்கும் வேலை, ஆகவே இரண்டாவதுதான் வேண்டும். எல்இடியைப் பதிந்த அந்தக் கணமே பயனர் நிரல் அதில் எழுத ஆரம்பிக்கலாம். மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டை) தயார் செய்வது அதற்குப் பின்னால் இருந்தால் அதுவும் பிழை.

பிறகு, இந்த டிரைவர் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வி. ஒரு யுஎஸ்பி இன்டர்ஃபேஸை (கருவிக்குள் ஒரு வேலைக்கான பகுதியை) ஒரு நேரத்தில் ஒரு டிரைவர்தான் பிடிக்க முடியும். விளக்கும் எழுத்து விசைகளும் ஒரே இன்டர்ஃபேஸில் இருந்து, விளக்கு டிரைவர் அதைப் பிடித்துக்கொண்டால், விசைகள் செத்துப்போகும். கருவியின் விவரத்தை 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளை காட்டும். கட்டளைகள் ஹிட்டின் 'செட் ரிப்போர்ட்' வகையா என்று பாருங்கள்: கோரிக்கை எண் 9, மதிப்பின் மேல் பைட்டில் ரிப்போர்ட் வகை (ஃபீச்சருக்கு 3), கீழ் பைட்டில் ரிப்போர்ட் எண். அப்படியிருந்தால் அது ஹிட் டிரைவராக எழுதப்பட வேண்டியது. இதை நான் ரிவியூவில் தீர்ப்பாக எழுதாமல் கேள்வியாகவே எழுதினேன்: "விசைகளும் இதே இன்டர்ஃபேஸிலா?" கருவி கையில் இருப்பவர் எழுதியவர்தான், அவருக்குத்தான் பதில் தெரியும்.

பயனருக்குத் தெரியும் பெயர்களில் கறாராக இருங்கள். கெர்னலில் ஒருமுறை வெளியே போன சிஸ்எஃப்எஸ் (கெர்னல் அமைப்புகளை ஃபைல்களாகக் காட்டும் இடம்) பெயரைப் பின்னால் மாற்ற விடமாட்டார்கள். அந்த டிரைவர் 'கலர்' என்று தனக்கென ஒரு ஃபைல் உண்டாக்கியிருந்தது. அதற்கு அவசியமே இல்லை. பல நிற எல்இடிக்கான பொது முறை 2020இல் 5.9 பதிப்பிலேயே வந்துவிட்டது. எல்இடியின் பெயரில் 'கேபிடி பேக்லைட்' என்ற சொல் இருந்தால்தான் டெஸ்க்டாப்பின் மின் மேலாண்மைச் சேவையான யுபவர் அதைக் கீபோர்டு விளக்காக அடையாளம் காணும். பெயர் தவறினால் டெஸ்க்டாப்பின் ஒளி அமைப்பில் அது வராது, பயனர் டிரைவரே வேலை செய்யவில்லை என்று நினைப்பார்.

இடைவெளி, வரி நீளம் எல்லாம் கெர்னலோடு வரும் 'செக்பேட்ச்' நிரல் பார்த்துக்கொள்ளும். அதன் வெளியீட்டை ரிவியூவில் ஒட்டாதீர்கள். "செக்பேட்ச் ஓட்டவும்" என்று ஒரே வரி போதும்.

எழுதும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம். கெர்னல் சாயும் பிழைகளை முதலில் வையுங்கள், அடுத்து பயனருக்குத் தெரியும் பெயர்கள், கடைசியில் மற்றவை. ஒவ்வொரு கருத்திலும் எந்த வரி, எந்தச் சூழலில், என்ன ஆகும், எப்படித் திருத்தலாம் என்ற நான்கும் இருக்கட்டும். "லாக்கிங் சரியில்லை" என்று எழுதினால் எழுதியவரால் ஒன்றும் செய்ய முடியாது. தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம் இருக்கும், தெரியும். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து ஒவ்வொரு பிழையையும் தமிழில் வாய்விட்டு விளக்குங்கள். அவர் தலையாட்டும் வரை விளக்கிவிட்டால், ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுவது கஷ்டமில்லை. எனக்கு என் தங்கை உட்கார்ந்தாள். அவள் கணக்கியல் படிக்கிறாள், ஆனாலும் "விடுவிச்ச பிறகு யாரு தொடுறது?" என்று சரியான இடத்தில் கேட்டாள்.

வாய்மொழித் தேர்வில் அதையேதான் தோண்டினார்கள். டெவ்எம் பிழையைப் பலகையில் வரைந்து காட்டச் சொன்னார்கள்; நிகழ்வுகளை நேர வரிசையில் இரண்டு பத்தியாக வரைந்தேன், ஒன்றில் டிஸ்கனெக்ட், மற்றதில் எல்இடி பகுதியின் ஒர்க்கியூ (பின்னணி வேலை வரிசை). வீட்டில் காகிதத்தில் இதை வரைந்து பழகுங்கள்.

பயிற்சிக்குக் கெர்னலின் ஹிட் அடைவில் 'ஹிட்-எல்இடி' என்ற ஃபைலை எடுங்கள். யுஎஸ்பி அடைவில் முன்பு இருந்த 'யுஎஸ்பிலெட்' டிரைவருக்குப் பதிலாக வந்தது அது. சிறியது, ஒரே மூச்சில் படிக்கலாம். பஃபர் ஏன் ஸ்டேக்கிலும் ஸ்ட்ரக்டிலும் இருக்கக்கூடாது என்ற குறிப்பும் அதில் இருக்கிறது. பழைய டிரைவரைக் கிட் வரலாற்றிலிருந்து எடுத்து அதற்கு ஒரு ரிவியூ எழுதுங்கள், பிறகு புதியது அதே குறைகளை எப்படித் தீர்த்தது என்று ஒப்பிடுங்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்போம்.