முதுகு பதினைந்தரை அங்குலம்

நவம்பர் 9, 2025, ஞாயிறு

கோத்தகிரியிலிருந்து இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தேன். தோள் இரண்டும் கழன்று விழுந்துவிடும்போல இருக்கிறது. நடந்தது என்னவோ மூன்று மணி நேரம்தான். லாங்வுட் சோலையில் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் கிடையாது, அம்மாவைக்கூடக் கூட்டிக்கொண்டு போகலாம். வினை எல்லாம் பையால் வந்தது.

மொத்தமே 116 ஹெக்டேர் காடு, 2024 ஜனவரியில் அதை உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். மரமாக அடர்ந்து நிற்கிற இடத்தை ஈரநிலம் என்கிறார்களே என்று அப்போது நினைத்தேன். இன்று பையைக் கீழே வைத்து எடுத்ததும் விளங்கிவிட்டது. என் பைக்கு வாய் முன்பக்கம், அதாவது மாட்டிக்கொண்டால் வெளியே தெரிகிற பக்கம். கேமராவை எடுக்க வேண்டுமென்றால் முதுகில் படுகிற பக்கம் தரையில் இருக்கும்படி மல்லாக்கப் போட்டுத்தான் ஜிப்பைத் திறக்க முடியும். நீலகிரி சிரிப்பான் என்கிற பறவை ஒன்று பத்தடி தூரத்தில் புதருக்குள் கத்திக்கொண்டிருந்தது. நான் பையை இறக்கி, மழை உறையை உருவி, ஜிப்பைத் திறந்து, லென்ஸ் மூடியைக் கழற்றுவதற்குள் அது கத்தி முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டது. சரி போகட்டும் என்று பையைத் தூக்கி மாட்டினால், முதுகுப் பஞ்சு முழுக்கச் சேறு. அந்தச் சேற்றோடு இரண்டு அட்டைகளும் ஏறி வந்திருக்கின்றன. ஒன்றை வழிகாட்டித் தம்பி பார்த்து எடுத்துவிட்டார். இன்னொன்றை மேட்டுப்பாளையம் வந்த பிறகு நானே கண்டுபிடித்தேன், எங்கே என்று எழுத மாட்டேன்.

மழை உறை பற்றியும் ஒரு வார்த்தை. அது வெளிப்பக்கத்தை மட்டும்தான் மூடும். முதுகு வழியாக இறங்குகிற தண்ணீர் நேராக உறைக்குள் போய் அடியில் குளம்போலத் தேங்கிவிடும். அந்தக் குளத்தில் உட்கார்ந்துகொண்டுதான் என் லென்ஸ் ஊர் வந்து சேர்ந்தது. நல்லவேளை, உள்ளே இறங்கவில்லை. ஈரமான பஞ்சுக்குள் லென்ஸை வைத்துவிட்டுத் தூங்கப் போனால் பூஞ்சையை நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. எல்லாவற்றையும் துடைத்து சிலிக்கா ஜெல் டப்பாவுக்குள் போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்தப் பையை வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. எந்த கம்பெனி என்பது வேண்டாம். தோள்பட்டைத் தையல் இப்போதே பல்லைக் காட்டுகிறது. வேறு பை வாங்கியே ஆக வேண்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

ராத்திரி சமையலறைத் தராசை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிறுத்தேன். நிக்கான் டி7500 பேட்டரியோடு 720 கிராம், பெரிய 200-500 லென்ஸ் 2,300, சின்ன 18-140 லென்ஸ் 490. ஆக கேமரா வகையறா மட்டும் மூன்றரைக் கிலோ. தண்ணீர் இரண்டு லிட்டர், அது இரண்டு கிலோ. நீலகிரிக்கு பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோக முடியாது என்பதால் இரண்டும் எவர்சில்வர், காலியாக நிறுத்தாலே இரண்டும் சேர்ந்து அறுநூறு கிராமுக்கு மேல். தயிர்சாத டப்பா, மழைக்கோட்டு, பைனாகுலர். எல்லாவற்றையும் சுமக்கிற பையே வெறும் பையாக ஒன்றே முக்கால் கிலோ! கூட்டிப் பார்த்தால் ஒன்பதரையைத் தாண்டுகிறது. நான் 51 கிலோ. பகல் நடைக்கு உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூக்காதே என்று மலையேறுகிறவர்கள் சொல்லுவார்கள், நான் ஐந்தில் ஒரு பங்கு தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

இதில் எரிச்சல் என்னவென்றால், கேமராப் பை என்று விற்பதில் பாதி எடை பஞ்சும் தடுப்பும்தான். சிமெண்டுத் தரையில் விழுந்தாலும் ஒன்றும் ஆகக்கூடாது என்று நான்கு பக்கமும் மெத்தை போட்டுவிடுகிறார்கள். அப்புறம் தயிர்சாதத்துக்கு இடமில்லை. மழைக்கோட்டை வெளியே கட்டித் தொங்கவிட வேண்டியிருக்கிறது. கல்யாண வீட்டுக்கும் விமானத்துக்கும் அது சரிப்படும், காட்டில் பாதி நாள் நடக்கிறவளுக்கு எதற்கு அத்தனை மெத்தை? இத்தனைக்கும் லோவ்ப்ரோ என்கிற கேமராப் பை கம்பெனியை ஆரம்பித்த கிரெக் லோவ் ஒரு மலையேறி.

நவம்பர் 15, சனி

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் ஒருவர் தன் பையை ஒரு வாரத்துக்கு இரவலாகக் கொடுத்தார். லோவ்ப்ரோ ஃப்ளிப்சைடு. இதற்கு வாய் முதுகுப் பக்கம். தோள்பட்டைகளை மட்டும் கழற்றிவிட்டு, இடுப்புப் பட்டையை அப்படியே விட்டு, பையை வயிற்றுப் பக்கம் சுற்றிக்கொண்டு வந்தால் கேமரா எதிரே தட்டில் வைத்த மாதிரி இருக்கும். தரையில் வைக்கவே வேண்டாம். வைத்தாலும் வெளிப்பக்கம்தான் சேற்றில் படும், முதுகு சுத்தமாக இருக்கும். ஹாலில் இருபது தடவையாவது சுற்றிச் சுற்றிப் பார்த்திருப்பேன். அப்பா பேப்பரை இறக்கிவிட்டு, "என்ன கண்ணு, பரதநாட்டியமா?" என்றார்.

ஆனால் மாட்டிக்கொண்டு நடந்தால் அதே தோள்வலி. இடுப்புப் பட்டை இறுக்கமாகத்தான் இருக்கிறது, இருந்தும் எடை இடுப்புக்கு இறங்க மாட்டேன் என்கிறது. பட்டை தொடை ஆரம்பிக்கிற இடத்தில் கிடந்து, படி ஏறும்போது காலைத் தடுக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

காரணம் தெரிந்துவிட்டது. கண்டுபிடித்தது அம்மாவின் இஞ்ச் டேப்.

பை வாங்கும்போது பார்க்க வேண்டிய உயரம் தலையிலிருந்து கால் வரைக்குமானது இல்லை, முதுகின் உயரம். தலையைக் குனிந்தால் பின்கழுத்துக்குக் கீழே ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் கட்டைவிரல் பின்னால் வரும்படி வைத்துக்கொண்டால், இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் ஒரு புள்ளி வரும். மேல் எலும்பிலிருந்து அந்தப் புள்ளி வரைக்கும், முதுகு வளைவை ஒட்டியே டேப்பை விட்டு அளக்க வேண்டும். அம்மா முப்பது வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவள், ஒரு தடவை சொன்னதும் பிடித்துக்கொண்டாள். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே (எதற்கு என்று தெரியவில்லை, பழக்கதோஷம்) "பதினஞ்சரை" என்றாள். பிறகு இரவல் பையைத் திருப்பிப் போட்டு, தோள்பட்டை தைத்த இடத்திலிருந்து இடுப்புப் பட்டை வரைக்கும் அளந்துவிட்டு, "இது ஆம்பளைங்களுக்குத் தைச்சதுடி. பதினெட்டு இருக்குது. ரெண்டரை இஞ்ச் லூசான ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு கை இறங்குது கை இறங்குதுன்னா எப்படி?"

அவ்வளவுதான் விஷயம். பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்தால்தான் எடையின் பெரும்பங்கு இடுப்புக்குப் போகும். இரண்டரை அங்குலம் கீழே போனால் அத்தனையும் தோளில். இத்தனை நாளாக லிட்டர் கணக்கையும் ஜிப் எந்தப் பக்கம் என்பதையும் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, பையைத் தூக்கப்போகிறது யார் என்று பார்க்கவே இல்லை. கேமராப் பைகளில் முதுகு உயரத்தை ஏற்றி இறக்குகிற வசதி உள்ளவை ரொம்பக் குறைவு. ஷிமோடா என்று ஒரு கம்பெனி செய்கிறது, பெண்களுக்கென்றே தனித் தோள்பட்டையும் தருகிறார்கள். விலையைப் பார்த்தேன், பக்கத்தை மூடினேன்.

நவம்பர் 23, ஞாயிறு

வெறும் பையை மாட்டிக் கண்ணாடியில் பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை, எடையோடு ஏறிப் பார்க்க வேண்டும். ஆகவே காலை ஐந்தரைக்கு மருதமலை. 837 படி, கோவைக்காரர்களுக்கு அதைவிட நல்ல தேர்வு மண்டபம் கிடையாது. நேற்று வாங்கி வந்த சாதாரண டிரெக்கிங் பை, 30 லிட்டர், பெண்களுக்கான அளவு. கேமராப் பை வேண்டாம் என்று முடிவு செய்தாயிற்று. மலையில் கேமராவை வைத்துச் சோதிக்க மனசு வரவில்லை, அதனால் இரண்டு இரண்டு கிலோ பொன்னி அரிசிப் பாக்கெட் மூன்றும் ஒரு பாட்டில் தண்ணீரும்.

பாதி வழியில் ஒரு பாட்டி நிறுத்தினார். "என்னம்மா, கோயிலுக்கு அரிசி சுமக்கறியா? வேண்டுதலா?" ஆமாம் பாட்டி என்றேன். வேறு என்ன சொல்ல. "தலையில வெச்சுக்கிட்டா சுளுவா இருக்கும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, எடை உடம்பின் நடுக்கோட்டை விட்டு வெளியே போகப் போகத்தான் இழுக்கும். முதலில் அரிசியை அடியில் போட்டு ஏறியபோது பை பின்னால் இழுத்துக்கொண்டே வந்தது. மண்டபத்தில் உட்கார்ந்து, மழைக்கோட்டை அடியில் திணித்து, அரிசியை அதன் மேலே முதுகை ஒட்டி நிற்க வைத்ததும் வேறு பை மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் தோன்றியது, கேமராப் பெட்டியை அடியிலும் சாப்பாட்டை மேலேயும் வைக்கிற பைகள் எல்லாம் தலைகீழாகத்தான் வேலை செய்கின்றன.

இடுப்பு ஜோராக இருக்கிறது. ஆனால் இதிலும் தோள்பட்டை அரை அங்குலம் மேலே நிற்கிறது. பெண்களுக்கான அளவு என்றால் எந்தப் பெண்?

நவம்பர் 26, புதன்

மழை. பழைய பையை அறுத்தேன். மனசே இல்லாமல்.

நவம்பர் 29, சனி

டவுன்ஹால் பக்கம் பை தைக்கிற கடை. பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் மாற்றுகிறவர், அறுபது வயசிருக்கும். பழைய பையிலிருந்து எடுத்த பஞ்சுத் தடுப்புகளையும் புதுப் பையையும் கல்லாவில் வைத்து என் கதை முழுக்கச் சொன்னேன். அவர் கதையைக் கேட்டமாதிரி தெரியவில்லை. பையை என் முதுகில் மாட்டச் சொன்னார், தோள்பட்டைக்கும் தோளுக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார், சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். "முக்கால் இஞ்ச் இறக்கிடறேன். இங்க சும்மா துணிதான், பலகை கிலகை இல்ல, பிரிச்சுத் தெச்சா ஆச்சு." பாராசூட் நூலில் குறுக்கும் நெடுக்குமாகப் பெட்டித் தையல் போட்டார், கம்பெனித் தையலைவிட அது தடிமனாக இருக்கிறது. பஞ்சைச் சேர்த்து ஒரு உறையும் தைத்து வாங்கிக்கொண்டேன். 200-500 கேமராவில் மாட்டிய நிலையிலேயே நிற்கும் உயரம், வாய் மேலே, மடித்துவிடுகிற மூடி. இரண்டுக்கும் சேர்த்து நானூறு ரூபாய். எஃப்-ஸ்டாப் கம்பெனிக்காரர்கள் பையையும் உள்பெட்டியையும் தனித்தனியாக விற்கிறார்களே, அதே யோசனைதான், டவுன்ஹால் விலைக்கு.

வாய் முதுகுப் பக்கம் இருக்கிற சுகம் இதில் இல்லை என்பது தெரிந்துதான் எடுத்தேன். அதற்கு ஈடாகப் பீக் டிசைனின் கேப்ச்சர் கிளிப் ஒன்றைத் தோள்பட்டையில் மாட்டியிருக்கிறேன். கேமராவில் 18-140 இருக்கும்போது அதில் தொங்கும், பெரிய லென்ஸை மாட்டினால் உறைக்குள் போகும். மூன்று கிலோவை ஒரு கிளிப்பில் தொங்கவிடுகிற துணிச்சல் எனக்கில்லை. மழைக்கு உள்ளேயே தண்ணீர் புகாத ஒரு ட்ரை பேக், வெளி உறைக்குப் பெரிய கும்பிடு.

டிசம்பர் 14, ஞாயிறு

டாப்ஸ்லிப்பிலிருந்து பண்டாரவரை என்கிற இடத்துக்கு நடை. ஆறு பேர், இரண்டு வழிகாட்டிகள். அந்தக் காலத்தில் வெட்டிய தேக்கைச் சுமக்க முடியாமல் மேலேயிருந்து சரிவில் உருட்டிவிட்ட இடமாம், அதுதான் டாப்ஸ்லிப் என்ற பெயருக்குக் காரணம். எடை விஷயத்தில் எனக்கு முன்னோடிகள்.

தேக்கங்காட்டைத் தாண்டியதும் வழிகாட்டி கையை நீட்டினார். தலைக்கு மேலே மலை அணில், வால் மட்டும் ஒரு முழம், கிளையில் குப்புறப் படுத்துக்கொண்டு எதையோ கொறித்துச் சிதறவிட்டுக்கொண்டிருந்தது. பையை ஒரு தோளிலிருந்து கழற்றி, முழங்காலில் நிறுத்தி, மேல்மூடியைத் திறந்து, உறையிலிருந்து கேமராவை உருவினேன். தரையில் வைக்கவில்லை. ஃப்ளிப்சைடு அளவுக்கு வேகம் இல்லைதான். அணில் அவசரப்படவில்லை, எட்டுப் படம் கிடைத்தது, அதில் இரண்டு தேறும். சிரிப்பானாக இருந்திருந்தால் இந்த முறையும் போயிருக்கும்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, தோள் வலிக்கவில்லை. இறக்கத்தில் இடது பக்கத் தையலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன், அசையவே இல்லை.

ஒரு குறை. இந்தப் பையில் பக்கவாட்டுப் பாட்டில் பை நேர் செங்குத்தாகத் தைத்திருக்கிறது, என் கை எட்டவே எட்டாது. நாள் முழுக்க முன்னால் போனவரைக் கூப்பிட்டு, "அண்ணா, கொஞ்சம் அந்தத் தண்ணி பாட்டில்" என்று கேட்டுக்கேட்டு அவருக்கே அலுத்துவிட்டது. சாக்பீஸ் பெரியவரிடம் சொன்னால் வாயைச் சரிவாக வெட்டித் தைத்துக் கொடுப்பார். சனிக்கிழமை மதியம் வரைக்கும்தான் கடை.