ஒரே இடி, ரெக்கார்டிங் ரெண்டு காப்பியும் காலி

எங்க ஊரு, மலேசியாவுல பேராக் பக்கம் இருக்குற சுங்கை சிப்புட்னு சொன்னாலே வெளியூர்க்காரங்க 1948-ஐத்தான் புடிச்சிக்குவாங்க, ஜூன் 16 தோட்டத்து துரைங்கள சுட்டது, ரெண்டே நாள்ல நாடு பூரா அவசரகாலம், அதெல்லாம். எனக்கு அதுக்கு முந்தின கததான் வேணும். ஜப்பான்காரன் காலத்துல சயாம்-பர்மா ரயில் பாதை போட, அந்த 415 கிலோமீட்டருக்கு, நம்ம தோட்டங்கள்லேருந்து புடிச்சிட்டுப் போனாங்களே, அவுங்க கத. யுனிவர்சிட்டி வேலையெல்லாம் இல்ல லா, சொந்த ஆசை. 4 வருசமா ஞாயித்துக்கிழம ஆனா பெரியவங்க வீட்டுக்குப் போயி ரெக்கார்ட் பண்றேன், பழைய செக்ரோல், அதான் தோட்டத்து ஆள் கணக்குப் புத்தகம், கெடச்சா ஸ்கேன் பண்ணி வைக்கிறேன்.

பேக்கப் இல்லாம இல்ல. கம்ப்யூட்டர்ல ஒன்னு, பக்கத்துலயே ஹார்ட் டிஸ்க்ல ஒன்னு, ரெண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயர்ல. இங்க சாயங்கால மழைல இடி எப்படி விழும்னு தெரிஞ்சும் பிளக்க புடுங்காம ஒட்டுக்கடைல உக்காந்து தே தாரிக் குடிச்சிக்கிட்டு இருந்தேன் பாருங்க, வீட்டுக்கு வந்தா கருகின வாட, மோடம், கம்ப்யூட்டர், டிஸ்க் மூனும் போச்சு. ரிப்பேர் கடை தவுக்கே (மொதலாளி) தொறந்து பாத்துட்டு 'சுடா மாத்தி', செத்துப்போச்சுன்னு திருப்பிக் குடுத்துட்டாரு.

மிஞ்சினது ஜொகூர் மாமாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புன 3 துண்டு மட்டும். ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுன தாத்தா ஒருத்தரு, அவுங்கப்பாவ லாரில ஏத்துனத 2 மணி நேரம் சொன்னாரு, நடுவுல பாட்டு வேற பாடுனாரு. அதுவும் போச்சு, திரும்ப போயி கேட்டேன். "அதான் அன்னிக்கே சொல்லிட்டேனே தம்பி"ன்னாரு. கெஞ்சி கேட்டதுல 10 நிமிசம் பேசுனாரு, லாரியே வரல, பாட்டும் வரல.

அப்புறந்தான் 3-2-1 கணக்குக்கு வந்தேன்: மொத்தம் 3 காப்பி, 2 வகை எடத்துல, 1 வீட்டுக்கு வெளிய. அந்த கடைசி 1 தான் எங்கிட்ட இல்லாம போச்சு. இப்ப டிஸ்க் ரெண்டு வாங்கிட்டேன், ஒன்னு பீரோவுல, காப்பி பண்ணுற நேரம் தவிர பிளக்குல கெடக்காது. இன்னொன்னு ஈப்போல அக்கா வீட்டுல, தீவாளி, பொங்கல்னு போறப்ப மாத்திக்கிறது. கிளவுட்லயும் போட்டிருக்கேன், ஆனா ஒரு மணி நேர வேவ் ஃபைலே (சுருக்காத ரெக்கார்டிங்) 600 எம்பிக்கு மேல வருது, கூகுள்ல இலவசமா குடுக்குற 15 ஜிபி எந்த மூலைக்கு? அதனால அங்க ஸ்கேனும் எழுதி எடுத்ததும் மட்டும். இன்னொன்னு, போனும் கம்ப்யூட்டரும் ஒன்னுபோல இருக்குறதுக்கு சிங்க் போட்டுட்டு அதையே பேக்கப்னு நம்பிராதீங்க, போன்ல தெரியாம அழிச்சா கம்ப்யூட்டர்லயும் அழிஞ்சிரும்.

காப்பி முடிஞ்சதும் ஏதாச்சும் ஒரு ஃபைல தொறந்து கேக்குறேன். போன மாசம் அப்படி கேட்டதுல ஒன்னு பாதியிலயே நின்னுபோயிருந்துச்சு, நல்லவேள ரெக்கார்டர்லேருந்து இன்னும் அழிக்கல. அக்காவுக்குத்தான் கோவம், முறுக்கு டின்ன கேட்டா உள்ள டிஸ்க் இருக்குதாம்.