எச்.எஸ்.ஜி ரிப்போர்ட்டில் ஒரு குழாய் தெரியவில்லை என்றால்

கலியாணமாகி இரண்டு வருடம் கடந்தும் பிள்ளை தங்காததால், கிளிநொச்சி கிளினிக்கில் எனக்கு எச்.எஸ்.ஜி எழுதித் தந்தார்கள். கருக்குழாய்கள் திறந்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்கிற சோதனை அது. இவருக்கு விந்துப் பரிசோதனை முதலே முடிந்திருந்தது. சோதனை எல்லாம் பொம்பிளைக்குத்தான் என்று நினைக்கிற ஆக்கள் இருப்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

அந்த மாத இரத்தப்போக்கு நின்ற பிறகு, முட்டை வெளிவர முதல், மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி ஏறக்குறைய 6ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் இடையில் எடுப்பார்கள். யாழ்ப்பாணத்தில் திகதி கிடைத்தது. விடியவே பஸ் ஏறி ஆனையிறவு தாண்டிப் போனோம். கருப்பை வாய்க்குள் மெல்லிய குழாய் விட்டு, எக்ஸ்ரேயில் தெரிகிற மருந்தைச் செலுத்துகிறார்கள். மருந்து ஏறும்போது அடிவயிறு இறுக்கிப் பிடித்தது. வலிக் குளிசை முன்கூட்டியே போட்டது நல்லதாய்ப் போயிற்று.

ரிப்போர்ட்டைத் தந்தவர் "ஒரு பக்கம் அடைப்பு" என்றார், அவ்வளவுதான். திரும்பும் வழியெல்லாம் போனில் தேடித் தேடிப் பயம்தான் கூடியது.

கிளினிக்கில் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நடுவில் வெள்ளையாய்த் தலைகீழ் முக்கோணம், அது கருப்பை. படத்தின் வலது மூலையிலிருந்து நூல் மாதிரி ஒரு கோடு வளைந்து போய், அதன் நுனியில் மருந்து வயிற்றுக்குள் பரவியிருந்தது. மற்ற மூலையில் கோடே இல்லை. படத்தில் வலப்பக்கம் தெரிவது எங்கள் இடப்பக்கமாம். ஆக எனக்கு இடது குழாய் திறந்திருக்கிறது.

வலதுக்கு அவர் சொன்னதுதான் முக்கியம். குழாய் கருப்பையோடு சேருகிற இடத்திலேயே மருந்து நின்றால், அது நிஜ அடைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அந்த நேரம் தசை இறுகினாலும், சளித் துண்டு ஏதும் நின்றாலும் இப்படியே தெரியும். நுனியில் அடைபட்டு, குழாய் நீர் கோத்து வீங்கியிருந்தால் கதை வேறு. அந்த நீர் ஐ.வி.எஃப்பில்கூட, அதாவது வெளியே கருவை உருவாக்கிக் கருப்பைக்குள் வைக்கிற சிகிச்சையில்கூட, கரு தங்குவதைக் குறைக்கும். அதனால் முதலில் அந்தக் குழாயை எடுக்கவோ கட்டவோ சொல்வார்கள். ஆகவே அடைப்பு என்று யாரும் சொன்னால், எந்த இடத்தில் என்று கேளுங்கள். சந்தேகம் என்றால் லப்பரஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சின்னத் துளையிட்டுக் கமரா விட்டுப் பார்க்கிற முறையில், நீலச் சாயம் விட்டுப் பார்ப்பார்கள். இன்னொன்று, குழாய் திறந்திருந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளருவது) இந்தப் படத்தில் தெரியாது.

எனக்கு லப்பரஸ்கோப்பி இப்போதைக்கு வேண்டாம், சில மாதம் பார்க்கலாம் என்றார். சோதனைக்குப் பிறகு லேசாய் இரத்தக் கசிவு இருந்து நின்றுவிட்டது. காய்ச்சலோ நாற்றமான வெள்ளையோ வந்தால் உடனே வரச் சொல்லியிருந்தார்கள். படத்தை மடிக்காமல் வைத்திருங்கள். ரிப்போர்ட் கையில் இருந்தும், டொக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.