லஃபயெட் பள்ளியின் பந்து வீச்சாளர்

நம் பள்ளி மைதானத்தில், தடியால் பந்தடித்து ஓடும் எல்லே விளையாடிப் பழகிய எனக்கு, நியூயோர்க் வந்து பார்த்த பேஸ்போல் அந்நியமாகத் தோன்றவில்லை. அந்த நாட்களில் பிளஷிங் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு நேரே மெட்ஸ் அணியின் ஷே அரங்குக்குப் போவோம். லாகார்டியா விமானங்கள் தலைக்கு மேல் இரையும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. 1986-இல் மெட்ஸ் உலகத் தொடரை வென்றது. அதே ஆண்டு அணியில் சரிபாதிக்கு உரிமையாளரானவர் பிரெட் வில்பன்.

புரூக்ளின் லஃபயெட் உயர்நிலைப் பள்ளி அணியின் நட்சத்திரப் பந்து வீச்சாளர் வில்பன்தான். அதே அணியில் முதல் பேஸைக் காத்து நின்ற சாண்டி கோஃபக்ஸுக்குக் கூடைப்பந்தில்தான் நாட்டம். பின்னர் எல்லாம் தலைகீழாயிற்று. கோஃபக்ஸ் டொட்ஜர்ஸ் அணியில் பெரும் வீச்சாளரானார். வில்பனோ 1972-இல் சகோதரியின் கணவர் சோல் காட்ஸுடன் ஸ்டேர்லிங் ஈக்விட்டீஸைத் தொடங்கிக் கட்டடங்களில் பணம் பார்த்தார். மச்சான்மார் கூட்டாகக் கடை போட்டால் எத்தனை நாளுக்கு என்று நம்மூரில் கேட்பார்கள். இவர்கள் பிரியவேயில்லை.

2002-இல் அணி முழுவதும் வில்பன் கைக்கு வந்தது. 2009-இல் திறந்த மெட்ஸின் புதிய அரங்கான சிட்டி ஃபீல்டின் முகப்பில், 1960-இல் இடிபட்ட புரூக்ளின் டொட்ஜர்ஸ் அரங்கின் சாயல். மெட்ஸ் வீட்டில் டொட்ஜர்ஸ் நினைவா என்று ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். நான் சுளிக்கவில்லை, பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடப் படத்தை வரவேற்பறையில் மாட்டியிருப்பவன் நான்.

வட்டிதான் வில்பனைக் கவிழ்த்தது. ஆட்டக்காரர் பொபி பொனியாவுக்குத் தரவேண்டிய 59 இலட்சம் டொலரை அணி 2000-இல் கொடுக்காமல், எட்டு வீத வட்டியோடு 2011 முதல் 2035 வரை ஆண்டுதோறும் ஏறத்தாழ 12 இலட்சம் தர ஒப்புக்கொண்டது. முதலீட்டு நிறுவனம் நடத்திய பேர்னி மேடொஃபிடம் வில்பன் போட்ட பணம் அதைவிடக் கூடுதலாகப் பெருகும் என்ற நம்பிக்கை. 2008 டிசெம்பரில் அந்த மோசடி வெளிப்பட்டது. கோஃபக்ஸின் பணமும் அங்கே இருந்தது. ஆனாலும் 2012-இல் அந்த மோசடி தொடர்பாக வில்பன்மீது போட்ட வழக்கு விசாரணைக்கு வரவிருந்தபோது, பள்ளித் தோழனுக்காகச் சாட்சி சொல்ல அவர் ஆயத்தமாக இருந்தார். அதற்குள் 16 கோடியே 20 இலட்சம் டொலருக்குச் சமரசமாயிற்று. 2020-இல் அணி செல்வந்தர் ஸ்டீவ் கோஹனிடம் போனது.

எங்கள் வகுப்பின் வேகப்பந்து வீச்சாளனும் இன்று ரொறன்ரோவில் வீடு விற்கிறான். அணி ஒன்றும் வாங்கவில்லை. எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் கோடைக்காலக் கிரிக்கெட் போட்டிக்குச் சாப்பாட்டுச் செலவு அவனுடையது. ஒரே நிபந்தனை, முதல் ஓவரை அவன்தான் வீசுவான்.