பட்டிக்குள் இறங்கிய பிறகு

இங்கிலாந்தின் கம்பிரியா மாவட்டத்தில், ஈடன் பள்ளத்தாக்கின் சிற்றூர்ச் சந்தை ஒன்றில் ஆட்டு வரத்தைப் பதிவு செய்வது என் வேலை. அன்று நான் எடுத்த முடிவு விதிப்படி சரியானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பெரியவர் ஒருவர் கொண்டுவந்த கிடாக்குட்டிகள் ட்ரெய்லரிலிருந்து இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஏலத்தில் விலை படுத்துவிட்டதென்று கேள்விப்பட்டு, அவற்றைத் திரும்ப ஏற்றப் பார்த்தார். "ஏற்றலாம் ஐயா, ஆனால் சந்தைக்கு வந்து திரும்பியதாகப் பதிய வேண்டும்" என்றேன். பதிந்தால் அவர் பண்ணைக்கு ஆறு நாள் தடை விழும். அறுப்புக்கு நேரே அனுப்பலாமே தவிர வேறு விற்பனைக்கு ஓர் ஆட்டையும் கொண்டுபோக முடியாது. அந்த வாரக் கடைசியில்தான் பெட்டைக்குட்டிகளின் விற்பனை. ஸ்வேல்டேல் இனப் பெட்டைக்கும் புளூஃபேஸ்டு லெஸ்டர் இனக் கிடாவுக்கும் பிறக்கும் மியூல் என்ற கலப்பினப் பெட்டைகளைத்தான் கீழ்நிலப் பண்ணைக்காரர்கள் இனவிருத்திக்காகத் தேடி வாங்குவார்கள். மலைப் பண்ணைக்கு ஆண்டு வருமானமே அதை நம்பித்தான்.

"எந்த ஆட்டோடும் உரசவில்லையே. நீ அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தால் என்ன எழுதியிருப்பாய், தம்பி?" என்றார்.

"பார்த்துவிட்டேனே" என்றேன்.

விதி வீணாக வந்ததல்ல. 2001 பிப்ரவரியில் ஹெக்சம் சந்தைக்கு வந்த ஆடுகள், லாங்டவுன் சந்தை வழியாகக் கோமாரி நோயை நாடெங்கும் கொண்டுபோயின. 20ஆம் தேதி நோய் உறுதியாகி, 23ஆம் தேதி கால்நடை நடமாட்டம் நிறுத்தப்படுவதற்குள் அது பல மாவட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நோய் கண்ட 2,026 இடங்களில் 893 கம்பிரியாவில். நான் இதைப் படித்துத் தெரிந்துகொண்டவன், அவரோ தன் மந்தையையே பறிகொடுத்தவர். விதியின் காரணத்தை அவருக்கு விளக்க நான் யார் என்று தோன்றுகிறது. பறிகொடுத்தவரே கேட்டாலும் விலக்கு கொடுக்கக் கூடாது என்றும் உடனே தோன்றுகிறது.

கடைசியில் விற்றுவிட்டார். விற்றவர் பண்ணைக்குத் தடை இல்லை. அவரால் ஆடுகளைத் திருப்பிக்கொண்டு போக முடியாதென்பது ஏலத்தைச் சுற்றி நின்றவர்களுக்கும் தெரிந்திருந்தது. கேட்ட விலையிலேயே அது தெரிந்தது. வழக்கப்படி, வாங்கியவர் கையில் அதிர்ஷ்டப் பணமாகச் சில பவுண்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் பக்கம் பாராமல் போனார்.

ஆறு நாள் தடை இல்லாமல் போகவில்லை; ஆடுகளோடு வேறொரு பண்ணைக்குப் போயிற்று. நோய் இருந்திருந்தால் அதுவும் அங்கேதான் போயிருக்கும். அப்படியானால் நான் எதைத் தடுத்தேன்? பதிவு இருப்பதால் பின்தொடர்ந்து தேட முடியும் என்பது ஒரு பதில்தான். பல நாள் அதில் நிறைவடைகிறேன், சில நாள் இல்லை.

இப்போதெல்லாம் சாய்பலகையை இறக்குமுன்பே வண்டிகளிடம் போய் அன்றைய விலையைச் சொல்லிவிடுகிறேன். சிலர் அப்படியே திரும்பிப் போகிறார்கள். இறங்காத ஆட்டுக்குத் தரகு கிடையாது என்று மேலாளர் ஒருமுறை நினைவூட்டினார். அவர் சொல்வதும் நியாயம்தான். நான் இன்னும் நிறுத்தவில்லை.