மரக்கூழிலிருந்து குளுக்கோஸ்: ஜிப்சத்தைத் தாண்டியாச்சு

மரக்கூழைச் சல்ஃபூரிக் அமிலத்தில் உடைத்து எடுத்த குளுக்கோஸ் சர்க்கரை கடைசியில் படிகமாக விழுந்துவிட்டது. வெள்ளையாக, சொரசொரப்பாக, கரண்டியில் வைத்துச் சுட்டால் கருகுகிற படிகம். கருகுவதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது, கருகினால்தான் சர்க்கரை. இதற்கு முன் என் கண்ணாடித் தட்டுகளில் விழுந்த அழகழகான ஊசிப் படிகங்களில் ஒன்றுகூடக் கருகவில்லை. நெருப்பில் காட்டினால் வெளுத்துப் பொடியாகும், அவ்வளவுதான். அத்தனையும் ஜிப்சம், அதாவது அமிலத்தைச் சுண்ணாம்பு வகைப் பொடியால் முறிக்கும்போது (அமிலத்தன்மையைப் போக்கும்போது) விழும் கால்சியம் சல்ஃபேட்.

அமிலத்தோடு ஏற்கெனவே பழகியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தண்ணீரில் அமிலத்தை விடுவது, முகக்கவசம், கைக்கெட்டும் தூரத்தில் வாளி நிறையத் தண்ணீர், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் கூழ். கை துடைக்கும் டிஷ்யூ வேண்டாம். ஈரத்தில் கிழியாமலிருக்க அதில் பிசின் சேர்க்கிறார்கள், அது அமிலத்தில் அடம்பிடிக்கும். டயப்பரைப் பிரித்தால் அருமையான பைன் மரக் கூழ் கிடைக்கும். ஆனால் அதோடு கலந்திருக்கும் நீர் உறிஞ்சும் பாலிமர் மணிகளைப் பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நான் எடுத்தது வெளுத்த தைல மரக் கூழ் அட்டை. காகிதத் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர் தந்தார். இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த வகைக் கூழில் செல்லுலோஸோடு (குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த நீளச் சங்கிலி) 15 முதல் 20 சதவீதம் வரை சைலான் என்ற வேறொரு சர்க்கரைச் சங்கிலியும் இருக்கும். அது உடைந்தால் வருவது சைலோஸ் என்ற வேறு சர்க்கரை. குளுக்கோஸ் படிகமாவதைக் கெடுக்க அது கொஞ்சம் இருந்தாலே போதும். அதனால் 1 சதவீத அமிலத்தில் கூழை ஊறப்போட்டு, கண்ணாடிக் குடுவையோடு பிரஷர் குக்கரில் வைத்து ஒரு மணி நேரம் வேகவைத்துவிடுகிறேன். குக்கருக்குள் ஏறத்தாழ 120 டிகிரி கிடைக்கும். சைலானில் பெரும்பகுதி இந்தத் தண்ணீரோடு போய்விடும். நன்றாக அலசி, பிழிந்து, நிழலில் காயவைத்தால் கூழ் தயார்.

எங்கள் பக்கம் சிறுமுகையில் விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து நெய்யும் இழை) ஆலை ஓடிக்கொண்டிருந்தால் இந்தப் பாடே தேவைப்பட்டிருக்காது. விஸ்கோஸ் இழைக்கான கூழில் சைலான் மிகக் குறைவு. இப்போது அந்த ரகக் கூழுக்குக் கர்நாடகத்தில் ஹரிஹர் பக்கம்தான் பார்க்க வேண்டும். அங்கிருந்து ஒரு தாள் வாங்க வழி தேடிக்கொண்டிருக்கிறேன். சரி, அது தனிக் கதை.

அமிலக் கட்டம் உண்மையிலேயே சுகமானது. 40 கிராம் கூழுக்கு 72 சதவீத சல்ஃபூரிக் அமிலம் 100 மில்லி. பீக்கரை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி, கூழைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கண்ணாடிக் கோலால் அழுத்திப் பிசைய வேண்டும். முதலில் அமிலத்தை உறிஞ்சிக்கொண்டு பஞ்சாகவே நிற்கும். பிறகு ஓரங்கள் கண்ணாடி போலத் தெளியத் தொடங்கும், வெள்ளை நார்கள் ஒவ்வொன்றாக மறையும். அரை மணி நேரத்தில் மொத்தமும் ஜவ்வரிசிக் கஞ்சி பதத்துக்கு வந்துவிடும். இந்த நேரம் முழுக்க 30 டிகிரியைத் தாண்ட விடுவதில்லை. கோவை வெயிலில் அறையே 36 டிகிரி இருக்கும்போது ஐஸ் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம். சூடு ஏறினால் பழுப்பாகும், பழுப்பு வந்துவிட்டால் கடைசிவரை கூடவே வரும்.

ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். வெள்ளையாகத் திரிந்தால் செல்லுலோஸ் சங்கிலிகள் இன்னும் நீளமாகவே இருக்கின்றன என்று அர்த்தம். தெளிவாகக் கரைந்தால் அடுத்த கட்டம். 300 மில்லி தண்ணீர் சேர்த்தால் அமிலம் 25 சதவீதத்துக்கு இறங்கும். அப்புறம் கொதிநீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம். துண்டு துண்டாகக் கிடந்த சங்கிலிகள் இங்கேதான் தனித்தனிக் குளுக்கோஸாகின்றன. திரவம் வெளிர்ந்த தேநீர் நிறத்துக்கு வரும். பாதாம் வாசனை லேசாக அடித்தால் அது ஃபர்ஃபுரால், மிச்சமிருந்த சைலோஸின் வேலை.

ஹென்றி பிராக்கோனோ என்ற பிரெஞ்சுக்காரர் 1819-லேயே பழந்துணியையும் மரத்தூளையும் இதே அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுத்துவிட்டார். போட்ட துணியின் எடையைவிட வந்த சர்க்கரையின் எடை அதிகம் என்றார். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. சங்கிலி உடையும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நீர் மூலக்கூறு சேருவதால் 100 கிராம் செல்லுலோஸ் 111 கிராம் குளுக்கோஸ் ஆகலாம். செல்லுலோஸ் என்ற பெயரே 1830-களின் கடைசியில்தான் வந்தது. அதற்கு முன்பே ஒருவர் இதைச் செய்து முடித்திருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் பொங்குகிறது.

இனி ஜிப்சம். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

100 மில்லி அமிலத்தை முறிக்க ஏறத்தாழ 120 கிராம் கால்சியம் கார்பனேட் வேண்டும். வெளியே வரும் கரியமில வாயு கிட்டத்தட்ட 30 லிட்டர். கீழே படியும் ஜிப்சம் 200 கிராமுக்கு மேல். நாம் தேடும் சர்க்கரையோ முப்பது கிராம்கூட இல்லை. அந்த முப்பது கிராமை இந்த வெள்ளைச் சேற்றுக்குள்ளிருந்து மீட்க வேண்டும். செய்முறைக் குறிப்புகளில் ‘முறித்து வடிகட்டவும்’ என்று இரண்டே சொல்லில் போய்விடுகிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் ஒப்பவில்லை. முழு வேலையின் உயிர்நாடியே அந்த இரண்டு சொல்லில்தான் இருக்கிறது.

எதைக் கொண்டு முறிப்பது? நீற்றிய சுண்ணாம்பு மலிவு, நுரையும் வராது. ஆனால் அது விழும் இடத்தில் கொஞ்ச நேரம் காரம் ஏறிவிடும், குளுக்கோஸுக்குக் காரம் ஆகவே ஆகாது. கண் எதிரே பழுப்பாகும். கார்பனேட் எவ்வளவு போட்டாலும் அந்த அளவுக்குக் காரம் ஏறாது, மிஞ்சியது அடியில் தங்கிவிடும். அதனால் கார்பனேட்தான். அதிலும் எது என்று பார்க்க வேண்டும். பள்ளிக்கூடச் சாக்பீஸ் இப்போது பெரும்பாலும் ஜிப்சமே, அதைப் போட்டு எதையும் முறிக்க முடியாது. பளிங்குக் கல் சில்லுகள் இரண்டு நிமிடம் நுரைத்துவிட்டு நின்றுபோகும், ஏனென்றால் மேலே ஜிப்சம் படிந்து உள்ளே அமிலத்தை விடாது. கோலப்பொடியை நான் தொடுவதே இல்லை. அதில் டாலமைட் (மெக்னீசியம் உள்ள சுண்ணாம்புக் கல்) கலந்திருந்தால் மெக்னீசியம் சல்ஃபேட் உருவாகும். அது நன்றாகக் கரையக்கூடியது, வடிகட்டியில் நிற்காது, நேராகப் பாகுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் வாங்கும் ரசாயனக் கடைக்காரர், “தம்பி, எல்லாமே வெள்ளைப் பொடிதானுங்களே, எதுக்கு அந்த வெலை?” என்று கேட்டார். பரவாயில்லைங்க என்று ஆய்வகத் தரத்தையே வாங்கினேன். அந்த விலை வீண் இல்லை.

வேகம்தான் அடுத்த விஷயம். பொடியை மொத்தமாகக் கொட்டினால் நுரை வழிவது ஒரு தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, ஜிப்சம் மாவு போல நுண்ணியதாக விழுந்து வடிதாளின் துளைகளை அடைத்துவிடும். பம்பு என்னதான் இழுத்தாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். இப்போது நான் செய்வது இது. திரவத்தை ஒரு லிட்டராக நீர்த்து, 60 டிகிரியில் வைத்து, போன முறை எடுத்த ஜிப்சத்தில் ஒரு கரண்டியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். புதிதாகத் தோன்றுவது அந்தப் பழைய படிகங்களின் மேலேயே வளரும். பொடியைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய தாரையாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் விடுகிறேன். கலக்கி ஓயக் கூடாது. அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாள் 5-ஐத் தொட்டதும் இன்னும் மெதுவாக. 6-க்குப் பக்கத்தில் நுரை அடங்கும்.

இப்படிச் செய்த ஜிப்சத்தை வெளிச்சத்தில் பிடித்தால் மினுமினுப்பு தெரியும். விரல்களுக்கிடையே தேய்த்தால் மணல் நெருடல் இருக்கும். மாவு போல வழுக்கினால் அன்றைய வடிகட்டல் நரகம்தான்.

வடிகட்டலுக்குப் பம்பாக உக்கடத்தில் பழைய சாமான் கடையில் வாங்கிய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர், நடுவில் நீர் பிடிக்க ஒரு தடித்த குடுவை. புனலில் வடிதாளுக்கு மேல் பழைய வேட்டித் துணி ஒரு மடிப்பு. துணி இருந்தால் ஜிப்சம் அடையைக் கிழியாமல் தூக்கிவிடலாம். அடையை அப்படியே எறிந்துவிடாதீர்கள். அது தன் எடையில் கணிசமான அளவு சர்க்கரைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். வெடிப்பு விழும் முன்பே வெந்நீர் ஊற்றி இரண்டு மூன்று தடவை கழுவினால் அந்தச் சர்க்கரை திரும்பி வரும்.

இங்கே சர்க்கரைக் கணக்குப் பார்க்க மருந்துக் கடை குளுக்கோமீட்டரைப் பயன்படுத்துகிறேன். இது எனக்கு ரொம்பப் பிடித்த கருவியாகிவிட்டது. குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் நொதி உள்ள பட்டையாகப் பார்த்து வாங்குங்கள், வேறு சில பட்டைகள் மற்ற சர்க்கரைகளுக்கும் எண் காட்டும். நீர்க்கத் தண்ணீருக்குப் பதில் சலைன் (மருந்துக் கடை உப்புநீர்). மீட்டர் ரத்தத்துக்காகச் செய்தது என்பதால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸின் இன்னொரு பெயர்) பாட்டில் ஒன்று வாங்கி 50 மடங்கு நீர்த்தால் 100 காட்ட வேண்டும். என் மீட்டர் 128 காட்டுகிறது. அந்த விகிதத்தில் திருத்திக்கொண்டால் போதும். இந்தத் தடவை கழுவிய நீரோடு சேர்த்து 1.3 லிட்டரில் 26 கிராம் குளுக்கோஸ். இருக்க வேண்டியதில் அறுபது சதவீதம். வீட்டுக் கூடத்தில் இது நல்ல விளைச்சல் என்றே சொல்வேன்.

வடிகட்டியாயிற்று, தெளிவாகவும் இருக்கிறது. ஆனால் ஜிப்சம் இன்னும் போகவில்லை! ஒரு லிட்டர் தண்ணீர் இரண்டு கிராமுக்கு மேல் ஜிப்சத்தைக் கரைத்து வைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வந்த இந்த மூன்று கிராம்தான் என் தட்டுகளில் ஊசி ஊசியாக விழுந்துகொண்டிருந்தது. வற்றவைக்க வற்றவைக்க முதலில் அதுவே படிகமாகும். போதாக்குறைக்கு, சூடான நீரில் அதன் கரைதிறன் குறைகிறது. குடுவைச் சுவரில் வெள்ளைப் பொருக்காகப் பிடிப்பது அதனால்தான்.

இதற்கு விடை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஜிப்சம் அதில் கரையாது. எத்தனால் இங்கே உரிமம் இல்லாமல் கிடையாது. மெத்தனாலும் அப்படியே. கள்ளக்குறிச்சியில் 2024-ல் நடந்ததற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே மனம் வராது. ஐசோபுரொப்பைல் எளிதாகக் கிடைக்கிறது, வேலையையும் செய்கிறது. வெற்றிடத்தில், 60 டிகிரிக்கு மேல் போகாமல், திரவத்தைப் பாதிக்குப் பாதி சர்க்கரையாகும்வரை வற்றவைக்கிறேன். தேங்காய்ச் சிரட்டைக் கரித்தூள் ஒரு கரண்டி போட்டு அரை மணி நேரம் வைத்து வடிகட்டினால் தேநீர் நிறம் வெளிர் மஞ்சளாகும். காங்கேயம் பக்கத்தில் இந்தக் கரியைச் செய்கிறார்கள். மீன் தொட்டிக் கடையில் விற்கும் குருணையைவிடத் தூள் பல மடங்கு மேல். பிறகு சம அளவு ஐசோபுரொப்பைல். ஊற்றிய உடனே பால் போல வெளுக்கும். ஒரு இரவு குளிரில் வைத்தால் ஜிப்சம் மொத்தமும் அடியில். மேலே இருப்பதைச் சாய்த்து வடித்தால், அதற்குப் பிறகு சுட்டுப் பார்த்த ஒவ்வொரு துளியும் கருகுகிறது.

மீண்டும் வற்றவைத்து, இரண்டு விரலால் தொட்டு இழுத்தால் கம்பிப் பதம் வந்ததும் நிறுத்தினேன். கையுறையோடுதான். வெதுவெதுப்பான ஐசோபுரொப்பைலை மங்கல் மறையாமல் நிற்கும்வரை சேர்த்தேன். விதைப் படிகத்துக்குக் கடை குளுக்கோஸைப் போடச் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. மரத்திலிருந்து வந்த சர்க்கரைக்கு மரத்திலிருந்து வந்த விதைதான். ஒரு சொட்டைக் கண்ணாடியில் காயவிட்டு, கோலால் கீறிக்கொண்டே இருந்தால் ஒரு இடத்தில் மங்கும். அந்த மங்கலைச் சுரண்டிப் போட்டேன். மறுநாள் அடியில் மெல்லிய வெள்ளைத் தோல், நாலைந்து நாளில் குடுவை முழுக்கக் கெட்டி. பிழிந்து கழுவிக் காயவைத்தது 11 கிராம்.

ருசி பார்த்தாயா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். 1900-ல் மான்செஸ்டர் பக்கம் பீர் குடித்த ஆயிரக்கணக்கானோர் ஆர்செனிக் நஞ்சால் விழுந்தார்கள், குறைந்தது எழுபது பேர் செத்தார்கள். பீரில் சேர்த்த சர்க்கரையைச் செய்யப் பயன்பட்ட சல்ஃபூரிக் அமிலத்தில் ஆர்செனிக் இருந்தது. நம் அமிலத்தில் என்னென்ன இருக்கிறது என்று புட்டியின் மேல் எழுதியிருப்பதை வைத்து நாக்கில் வைக்க முடியாது.

ஜெர்மனியில் பெர்கியுஸ் என்ற வேதியியலாளர் 40 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் போனார், அதில் இந்த ஜிப்சம் தொல்லையே இல்லை. அது ஆவியாகும் அமிலம், வெற்றிடத்தில் வடித்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அற்புதமான யோசனை. ஆனால் அந்தப் புகையை மொட்டைமாடியில் வைத்துச் சமாளிக்க முடியாது.

அடுத்து மறுபடிகமாக்கல், அதாவது கரைத்து மீண்டும் படிகமாக்கிச் சுத்தப்படுத்துவது. அது இன்னும் பாதியில் நிற்கிறது, உருகுநிலை பார்க்கவில்லை. நீரற்ற குளுக்கோஸானால் 146 டிகிரிக்குப் பக்கத்தில் உருக வேண்டும். அதற்குள் பழைய எல்சிடி திரையிலிருந்து உரித்த இரண்டு போலராய்டு தாள்கள் கைக்கு வந்துவிட்டன. ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் தாள்கள் இவை, அந்த அதிர்வுத் திசையைக் குளுக்கோஸ் கரைசல் திருப்பிவிடும். 20 சென்டிமீட்டர் குழாயில் 10 சதவீதக் கரைசலை ஊற்றினால், புதிதாகக் கரைத்தபோது 22 டிகிரி திரும்பிய ஒளி, சில மணி நேரத்தில் பத்தரைக்கு இறங்கி நிற்க வேண்டும். அப்படி இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் குளுக்கோஸ்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்காது.

படிகம் வடித்த மீதிப் பாகில் இன்னும் நிறையச் சர்க்கரை இருக்கிறது. ஆனால் பிசுபிசுக்கிறது. சர்க்கரை சிதைந்து வந்த கரிம அமிலங்களின் கால்சியம் உப்புகள் ஆல்கஹாலுக்கு மசியவில்லை என்று நினைக்கிறேன். இதற்கு அயனிப் பரிமாற்ற ரெசின்தான் (கரைந்த உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் மணிகள்) வழி. ஆர்.ஓ. கடைகளில் 25 கிலோ மூட்டையாகத்தான் தருகிறார்கள், எனக்கு 200 கிராம் இருந்தால் போதும். திருப்பூர், ஈரோடு பக்கம் சாயப்பட்டறை சுத்திகரிப்பில் இருப்பவர்கள் யாராவது கலப்பு ரெசின் கொஞ்சமாகப் பிரித்துத் தர முடியுமானால் சொல்லுங்கள். பாகைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன்.