பண நோட்டைப் பக்கத்து ஒளியில் படமெடுத்தபோது

பழைய டைரி ஒன்றின் நடுவில் சில பண நோட்டுகள் கிடந்தன. வெவ்வேறு நாட்டு நோட்டுகள், பாதிக்கு மேல் கசங்கியவை. மிக நெருக்கத்தில் படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் கைக்கு வந்த புதிது என்பதால், அவற்றையே ஸ்டில் லைஃப், அதாவது அசையாப் பொருள் படத் தொடராக எடுப்பது என்று உட்கார்ந்தேன். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை ஒன்றரை மாதம் இழுத்தது.

முதல் நாள் எல்லோரும் செய்வதையே செய்தேன். நோட்டை மேசையில் விரித்து, நேர் மேலே கேமராவை வைத்து, இரண்டு பக்கமும் சமமாக விளக்கு வைத்தேன். படம் துல்லியமாக வந்தது, நிறமும் சரியாக இருந்தது. ஆனால் பார்க்க ஒன்றுமே இல்லை. ஸ்கேன் செய்த காகிதம் மாதிரி இருந்தது. சரி, கொஞ்சம் திருத்திப் பார்க்கலாம் என்று மென்பொருளில் திறந்தால், இது கரன்சியின் படம், திறக்க முடியாது என்று செய்தி வந்தது.

ஏன் என்று தேடிப் படித்ததில்தான் நோட்டை உன்னிப்பாகப் பார்க்கவே தொடங்கினேன். பல நாட்டு நோட்டுகளில் சிறு வட்டங்கள் ஐந்து ஐந்தாக ஒரே அமைப்பில் சிதறியிருக்கும். கலர் நகல் இயந்திரங்கள் அதைக் கண்டுகொண்டு நகலெடுக்க மறுத்துவிடும். 2002-ல் கேம்பிரிட்ஜில் இருந்த மார்க்கஸ் குன் என்ற கணினி ஆய்வாளர் இந்த அமைப்பைக் கண்டறிந்தார். ஓரியன் விண்மீன் கூட்டத்தை நினைவூட்டியதால் யூரியன் என்று பெயர் வைத்தார். படம் திருத்தும் மென்பொருளில் இருப்பது வேறொரு முறை. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றுதான், கள்ள நோட்டைத் தடுப்பது. அதைத் தாண்டிப் போக வழி தேட எனக்கு விருப்பமில்லை. அதற்குப் பதிலாகச் சட்டங்களைப் படித்தேன். அமெரிக்காவில் டாலர் நோட்டின் படத்தை அச்சிடுவதானால், அசலின் முக்கால் அளவைவிடச் சிறியதாகவோ ஒன்றரை மடங்கைவிடப் பெரியதாகவோ, ஒரு பக்கம் மட்டுமே இருக்க வேண்டும். யூரோ நோட்டின் மின்னணுப் படம் என்றால் 72 டிபிஐ-க்கு (ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி) மேல் போகக் கூடாது, குறுக்கே ‘மாதிரி’ என்று பொருள்படும் சொல்லும் வேண்டும். நாட்டுக்கு நாடு விதி மாறும். எந்த நாட்டு நோட்டைக் கையில் எடுக்கிறீர்களோ அந்த நாட்டு மத்திய வங்கியின் விதியை முதலில் படித்துவிடுங்கள்.

இந்தச் சிக்கல் கேமராவுக்கு முன்பே இருந்திருக்கிறது. வில்லியம் ஹார்னெட் என்ற அமெரிக்க ஓவியர் டாலர் நோட்டுகளை அசல் போலவே வரைந்தவர். 1886-ல் நியூயார்க்கில் ஒரு மதுக்கூடத்தில் தொங்கிய அவருடைய ஓவியத்தை, கள்ள நோட்டைத் தடுக்கும் பொறுப்பில் இருந்த ரகசியக் காவல் பிரிவினர் எடுத்துச் சென்றார்கள். அதோடு அவர் பணத்தை வரைவதையே விட்டுவிட்டார். அதைப் படித்தபோது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

அன்று இரவே முழு நோட்டையும் தட்டையாக எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். மடிப்பு, சுருள், ஓரம், ஒரு சிறு மூலை மட்டும்தான். சட்டத்துக்காக எடுத்த முடிவு அது, ஆனால் படங்களைக் காப்பாற்றியதும் அதுதான்.

ஒளியில்தான் அதிக நாள் போனது. பல நோட்டுகளில் உருவப்படமும் எழுத்துகளும் இன்டாக்ளியோ முறையில் அச்சாகின்றன. உலோகத் தகட்டில் செதுக்கிய பள்ளங்களில் மையை நிரப்பி, பெரும் அழுத்தத்தில் காகிதத்தை அதன் மேல் அமுக்குவார்கள். அதனால் மை மேடாக நிற்கும். விரலால் தடவினாலே தெரியும். மேலிருந்து ஒளி விழுந்தால் அந்த மேடு மறைந்துவிடும். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு சின்ன எல்ஈடி விளக்கை மேசையோடு மேசையாக, கிட்டத்தட்ட நோட்டை உரசும் சாய்வில் வைத்தேன். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிழல் விழுந்தது. உருவப்படத்தின் கன்னம் உழுத நிலம் மாதிரி எழுந்து நின்றது. அந்த ஒரு காட்சிக்காகவே இந்த வேலையைத் தொடரலாம் என்று தோன்றியது. எதிர்ப்பக்கம் நிழல் ரொம்பக் கறுத்தபோது ஒரு துண்டு வெள்ளை அட்டையை நிறுத்தினேன், போதுமாக இருந்தது.

அப்புறம் ஃபோகஸ். அசல் அளவில், அதாவது ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் எடுக்கும்போது அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தை) எஃப் 8 அளவில் வைத்தாலும் ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான் கூர்மையாக இருக்கும். சுருண்ட நோட்டுக்கு அது எந்த மூலைக்கும் போதாது. துவாரத்தை இன்னும் சிறிதாக்கி எஃப் 22-க்குப் போனேன், எல்லாமே மழுங்கிவிட்டது. அந்த நெருக்கத்தில் அப்பர்ச்சர் நடைமுறையில் இரண்டு மடங்கு எண்ணாக வேலை செய்வதால், சிறு துவாரத்தின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷன் கூர்மையைத் தின்றுவிடுகிறது. கடைசியில் எஃப் 8-லேயே நின்று, ஃபோகஸை மெல்ல மெல்ல நகர்த்தி இருபது முப்பது படங்கள் எடுத்து ஒன்றாக இணைத்தேன். இடையில் யாராவது அறைக்குள் நடந்தால்கூட நோட்டு ஆடிவிடும். பருத்தி கலந்த காகிதம், தானாகவே விரியப் பார்க்கும். பேனாவில் சுற்றி அரை மணி நேரம் வைத்து, பின்னால் அழிரப்பர் துண்டுகளை முட்டுக் கொடுத்த பிறகுதான் அசையாமல் நின்றது.

புது நோட்டைவிடப் பழைய நோட்டுதான் படத்துக்கு அழகு. பல கைகள் மடித்த இடத்தில் மை உதிர்ந்து, நார் வெளியே தெரியும். அது காகிதமா துணியா என்றே சந்தேகம் வரும். புது நோட்டை வேண்டுமென்றே கசக்காதீர்கள். அது பொய்யாகவே தெரிகிறது, சில நாடுகளில் நோட்டைச் சேதப்படுத்துவது குற்றமும்கூட.

பாலிமர் நோட்டு, அதாவது பிளாஸ்டிக் நோட்டு, தனிக் கதை. ஆஸ்திரேலியா 1988-ல் கொண்டுவந்த வகை. மடித்தால் மடங்காது, எங்கும் பளபளப்பு. சலித்துப்போய் அதைக் கணினித் திரையின் வெள்ளைப் பக்கத்துக்கு முன்னால் பிடித்து, லென்ஸில் போலரைசர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) மாட்டிச் சுழற்றினேன். எல்சிடி திரையின் ஒளி ஏற்கெனவே போலரைஸ் ஆனது. திரை கறுத்த நொடியில் நோட்டின் தெளிவான சாளரம் மட்டும் நிறம் நிறமாக ஒளிர்ந்தது. இழுத்துச் செய்த பிளாஸ்டிக் என்பதால் வரும் நிறங்கள் அவை. நோட்டைச் சற்றுத் திருப்பினால் அணைந்தன, மேலும் திருப்பினால் மீண்டும் வந்தன. தொடரின் அட்டைப்படம் அதுதான்.

ஆறு படங்கள் தேறியிருக்கின்றன. நீர்க்குறிப் (வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் காகிதத்துக்குள் தெரியும் உருவம்) படம் மட்டும் இன்னும் கைகூடவில்லை. பின்னொளி வைத்தால் நீர்க்குறியும் பாதுகாப்பு இழையும் தெளிவாகத் தெரிகின்றன, ஆனால் மேலே இருக்கும் மையின் மேடு காணாமல் போகிறது. பின்னொளியைப் பாதியாகக் குறைத்து, பக்கத்து விளக்கை இன்னும் தாழ்த்தி அடுத்த ஞாயிறு எடுக்கப் போகிறேன்.